பிரம்பின் நிழல்

தூண்டில் பற்றிய இலக்கியம் பெரும்பாலும் கழியின் இந்த முனையிலிருந்து எழுதப்பட்டது. 1653இல் ஐஸக் வால்டன் எழுதிய புத்தகம் முதல் பி.ஏ.வில் எங்களுக்குப் பாடமாக இருந்த ஹெமிங்வேயின் கிழவன் வரை, கரையிலோ படகிலோ ஒரு மனிதன் இருக்கிறான். அவனுக்குப் பொறுமை இருக்கிறது, லாகவம் இருக்கிறது, நீரைப் பற்றிய ஞானம் இருக்கிறது. மறுமுனையில் மீன். அது வலுவாக இருக்கலாம், தந்திரமாகக்கூட இருக்கலாம். ஆனால் அது எதையும் கற்றுக்கொள்வதில்லை. கற்பது மனிதனின் காரியம். நான்கு வருஷங்களாகத் தூண்டில் போடக் கற்றுவருகிறவன் என்ற முறையிலும், அதைவிடக் கொஞ்சம் அதிகக் காலமாக விமர்சனம் எழுதிவருகிறவன் என்ற முறையிலும், இதில் எனக்கு இப்போது சந்தேகம் வந்திருக்கிறது.

டெட் ஹ்யூஸ் வழியாகத்தான் நான் இந்தப் பழக்கத்துக்குள் வந்தேன். 1967இல் வெளியான அவருடைய 'பொயட்ரி இன் தி மேக்கிங்', பள்ளிப் பிள்ளைகளுக்காக பி.பி.சி. வானொலியில் அவர் பேசியவற்றிலிருந்து உருவான புத்தகம். யோசிக்கும் வித்தையைத் தான் பள்ளியில் கற்கவில்லை, மீன் பிடிக்கும்போது கற்றதாக அதில் சொல்கிறார். அசையாத நீரில் மிதக்கும் தக்கையை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பவனுடைய மனம் அந்த ஒரு புள்ளியைச் சுற்றித் திரள்கிறது. புள்ளிக்குக் கீழே இருளில் நடப்பதெல்லாம் அவனுக்குள் நடக்கத் தொடங்குகிறது. கவிதையைப் பற்றி இதைவிடக் கைக்கு எட்டும்படியாகச் சொன்னவர்கள் குறைவு. பிற்காலத்தில் ஹ்யூஸ் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குப் போய் ஸ்டீல்ஹெட் பிடித்தவர் என்று படித்தபோது, அந்த மீன் என்ன மீன் என்று தேட ஆரம்பித்தேன்.

ஸ்டீல்ஹெட் வேறு ஜாதி மீன் அல்ல. ரெயின்போ ட்ரவுட்தான். நம் நீலகிரி ஓடைகளில் இருப்பதும் அதே இனம். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ஹெச். சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்து அங்கே நிலைபெறச் செய்தது. நீலகிரி மீன் மலையை விட்டு இறங்குவதில்லை. பசிபிக் கரையின் ஆறுகளில் பிறக்கும் அதன் உறவினரில் ஒரு பகுதி கடலுக்குப் போய்ச் சில வருஷங்கள் இருந்து, உடம்பு வெள்ளியாகவும் தலை எஃகு நிறமாகவும் மாறி, பிறந்த ஆற்றுக்கே முட்டையிடத் திரும்புகிறது. திரும்பிய மீன் ஆற்றில் அதிகம் சாப்பிடுவதில்லை. பசியில்லாத மீனைத் தூண்டிலில் பிடிக்க வேண்டும் என்பதால்தான் அதை ஆயிரம் வீச்சுக்கு ஒன்று அகப்படும் மீன் என்கிறார்கள்.

அதைப் பிடிக்கும் முறையை ராடரிக் ஹெய்க்-பிரவுனைப் படித்துத் தெரிந்துகொண்டேன். கேம்ப்பெல் ரிவர் என்ற ஆற்றங்கரை ஊரில் மாஜிஸ்திரேட்டாக இருந்தவர். 1946இல் வெளியான அவருடைய 'எ ரிவர் நெவர் ஸ்லீப்ஸ்' மாதம் மாதமாகப் பகுக்கப்பட்ட புத்தகம். வேப்பம்பட்டிலிருந்து சென்ட்ரலுக்குப் போகும் மின்சார ரயிலில், உட்கார இடம் கிடைத்த நாட்களில் அதைப் படித்து முடித்தேன். முறை எளிமையானதுதான். மனிதன் நடக்கும் வேகத்தில் ஓடுகிற, இடுப்பளவு ஆழமுள்ள நீரைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஆற்றுக்குக் குறுக்காக, சற்றுக் கீழ்நோக்கி வீச வேண்டும். ஓட்டம் நூலை இறுக்கி, இறகால் கட்டிய பொய்ப்பூச்சியை ஒரு வில்போல வளைத்து இந்தக் கரைப்பக்கம் கொண்டுவரும். அது வந்து நின்றதும் இரண்டு அடி கீழே நகர்ந்து மறுபடி வீச வேண்டும். வீச்சு, வளைவு, இரண்டடி. ஒரு மடுவைக் கடந்து முடிக்கும்போது அதன் தரையில் பூச்சி போகாத இடம் இருக்கக் கூடாது. எனக்குப் பிடித்தது இந்த முழுமைதான். ஒரு கவிதைத் தொகுப்பை இப்படித்தான் படிக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

வேப்பம்பட்டில் இதற்கு நீர் எங்கே என்று கேட்கலாம். தெற்கே அரண்வாயலில் கூவம் இருக்கிறது. சென்னை வாசகர்களுக்குக் கூவம் என்றால் மூக்கைப் பொத்திக்கொள்ளும் விஷயம். மேலே அது மணல் ஆறு. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த வருஷத்தில் நவம்பர், டிசம்பரில் ஓடும். மற்ற மாதங்களில் நாணலும் மணலும்தான். அந்த நீரில் ஒரு பகுதி கொரட்டூர் அணைக்கட்டில் திரும்பி, புது பங்காரு கால்வாய் வழியாகச் செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. பட்டணம் குடிப்பதும் பட்டணம் மூக்கைப் பொத்துவதும் ஒரே ஆற்றை. ஓடும் அந்தச் சில வாரங்களில், முழங்கால் நீரில் நின்று, வீச்சு, வளைவு, இரண்டடி என்று நான் பழகுவேன். கெண்டையும் கெளுத்தியும் கிடைக்கும். பெரும்பாலும் எதுவும் கிடைக்காது.

வருஷத்தின் மீதி மாதங்களுக்கு ஏரிதான் கதி. இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் வங்கிக்கு விடுமுறை. விடியற்காலையில் சைக்கிளில் திருநின்றவூர் ஏரிக்குப் போய்விடுவேன். அங்கே எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பெரியவர். ஆவடியில் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர். என் கார்பன் ஃபைபர் கழியை வாங்கி இரண்டு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டு, "ஜோரா கீது சார்" என்று திருப்பிக் கொடுத்ததோடு சரி. அவருடையது மூங்கில். நரம்பு, முள், ஒரு துளி ஈயம், மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை. மொத்தமும் ஒரு பழைய சைக்கிள் டியூப் பையில் அடங்கிவிடும்.

முதல் பாடம் ஆழம். முள்ளின் இடத்தில் வெறும் ஈயத்தைக் கட்டி இறக்கி, தரை எங்கே என்று கண்டு, தக்கையை நகர்த்தி, புழு சேற்றுக்கு ஒரு சாண் மேலே தொங்கும்படி வைக்க வேண்டும். இரண்டாவது, கடியைப் படிப்பது. கெண்டை தக்கையைச் சிலிர்க்க வைக்கும். ஜிலேபி கொத்திக்கொண்டே இருக்கும், விழுங்காது; 1952இல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த மீன் இன்று நம் ஏரிகளின் பெரும்பான்மைக் குடிமகன். கெளுத்தி தக்கையைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும். எடுக்கும்போது செவுளுக்குப் பின்னால் உள்ள முள் கையில் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விரால் தக்கையை அப்படியே கீழே கொண்டுபோகும். உடனே சுண்டினால் வாயிலிருந்து வந்துவிடும், விட்டுக்கொடுத்து எண்ண வேண்டும். எவ்வளவு எண்ணுவது என்று கேட்டேன். "அது முழுங்கறவரைக்கும்" என்றார். இது பதிலா என்று அப்போது தோன்றியது. இப்போது வேறு பதில் இருப்பதாகத் தெரியவில்லை.

மூன்றாவது பாடம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். காலையில் எல்லோரும் ஏரியின் கிழக்குக் கரையில் உட்காருவார்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால். தக்கை தெளிவாகத் தெரியும். பெரியவர் மட்டும் சுற்றிக்கொண்டு மேற்குக் கரைக்குப் போவார். அங்கே சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கிறது. நீர் முழுதும் தகரம்போல் பளபளக்கிறது. தக்கை இருக்கிறதா என்பதே தெரியவில்லை. ஏன் இங்கே என்றேன். "அங்க குந்துனா தக்க உனுக்கு நல்லா தெரியும் சார். உன் நெழலு மீனுக்கு நல்லா தெரியும்" என்றார். பிறகு கழியைப் பிடித்திருந்த என் கையைத் தளர்த்திவிட்டார். கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் பிடிக்க வேண்டுமாம். தக்கையைப் பார்க்க வேண்டாம், கழியே சொல்லும்.

இது ஹ்யூஸின் தக்கைக்கு நேர் எதிரானது. ஹ்யூஸின் மீனவன் பார்ப்பவன். அவனுடைய ஒருமைப்பாடு முழுவதும் கண்ணில் இருக்கிறது. பெரியவரின் முறையில் பார்ப்பதற்கும் பார்க்கப்படாமல் இருப்பதற்கும் நடுவில் ஒன்றைத்தான் தேர்ந்துகொள்ள முடியும். அவர் பார்வையை விட்டுக்கொடுக்கிறார். கரையில் அவர் நடக்கும்போது சருகு நொறுங்காது. மீனின் உடலில் பக்கவாட்டில் ஓடும் கோடு நீரின் அதிர்வை உணரும் புலன் என்பது நான் புத்தகத்தில் படித்தது. அதைப் படிக்காமலே அவருடைய பாதங்கள் அதற்கேற்ப நடக்கின்றன. இந்த மூன்று, நான்கு வருஷங்களில் என் கை தேர்ந்திருக்கிறது என்றால், வீசும் தூரம் கூடியிருக்கிறது என்று பொருளல்ல. கரையில் நான் இருப்பது கொஞ்சம் குறைந்திருக்கிறது.

விரால் குஞ்சு பொரித்திருக்கும் சமயத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். விராலுக்குக் காற்றைச் சுவாசித்தாக வேண்டும். அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்று எடுக்கும். குஞ்சுகளும் அப்படியே. செந்நிறக் குஞ்சுகள் ஒரு கூட்டமாக நீர்மட்டத்தில் கொப்பளிக்கும். தாயும் தகப்பனும் கீழே காவல். அந்தக் கூட்டத்தின் மேல் ஒரு தவளையையோ ரப்பர் தவளையையோ இழுத்தால் போதும், காவல் மீன் பாய்ந்து கடிக்கும். பையன்கள் அப்படித்தான் பெரிய விரால்களைப் பிடிக்கிறார்கள். பெரியவர் அந்தப் பக்கம் தூண்டிலைத் திருப்பவே மாட்டார். பாவம் புண்ணியம் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். "அது கோவத்துல கடிக்குது, பசியில இல்ல. இதுல நம்ம கெட்டிக்காரத்தனம் இன்னா கீது?" என்று மட்டும் கேட்டார்.

அப்படியானால் ஸ்டீல்ஹெட்? பசியில்லாத மீன் ஏன் கடிக்கிறது என்று அங்கே இன்னும் வாதாடுகிறார்கள். கோபம் என்கிறார்கள், கடலுக்குப் போகுமுன் சிறு மீனாக இதே ஆற்றில் பூச்சி தின்ற ஞாபகம் என்றும் சொல்கிறார்கள். ஞாபகம் என்ற விளக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் அது சரி என்பதற்கு அது காரணமாகாது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் காட்டு ஸ்டீல்ஹெட்டைப் பிடித்தால் திருப்பி விட்டாக வேண்டும் என்பது சட்டம்; பண்ணையில் பிறந்தது என்பதற்கு அடையாளமாக முதுகின் கடைசியிலுள்ள சிறு துடுப்பு வெட்டப்பட்ட மீனை மட்டுமே, அனுமதித்த இடங்களில், வைத்துக்கொள்ளலாம். இதைச் சொன்னபோது பெரியவர் வெகு நேரம் சிரித்தார். "வுடறதுக்கு எதுக்கு சார் புடிக்கணும்?" நானும் சிரித்தேன். ஆனால் விடப்பட்ட அந்த மீன் வெறுமனே ஆற்றுக்குத் திரும்புவதில்லை. அது ஒன்றைத் தெரிந்துகொண்டு திரும்புகிறது. அது தெரிந்துகொண்டதைப் பற்றி வால்டனும் ஹெமிங்வேயும் நின்று எழுதவில்லை.

எழுதியவர் ஒருவர் இருக்கிறார். கடியலூர் உருத்திரங்கண்ணனார். காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், அதாவது இந்தத் தொண்டை மண்டலத்து நீரைப் பற்றியே, ஒரு தூண்டில் வருகிறது. பாண்மகன் ஒருவன் நீண்ட மூங்கில் கழியோடு இரையை மாட்டிப் போடுகிறான். ஒரு வாளை இரையைக் கவ்விக்கொண்டு, இரும்பை வெறுமையாக விட்டுவிட்டுத் தப்புகிறது. கவிஞர் பாண்மகனோடு கரையில் நிற்கவில்லை. வாளையோடு நீருக்குள் போய்விடுகிறார். நீரோரம் முளைத்திருக்கும் பிரம்பின் நிழல் அலையில் நடுங்குகிறது. அதைப் பார்த்து வாளை பயப்படுகிறது. சில அடிகள்தான். 1887இல் சென்னை ராஜதானியின் ஐ.சி.எஸ். உலகத்திலிருந்து ஹென்றி ஸல்லிவன் தாமஸ், ஏரி குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே 'டேங்க் ஆங்ளிங் இன் இந்தியா' என்று ஒரு தனிப் புத்தகம் எழுதினார். எத்தனை பெரிய புத்தகமானாலும் கழியின் இந்த முனையில் நிற்பவனுக்கு அந்தச் சில அடிகள் தெரிவதில்லை. கற்பது நூலின் இரண்டு முனையிலும் நடக்கிறது.

இந்த இடத்தைப் பண்டிதர்கள் இயற்கை வர்ணனை என்று கடந்துபோவார்கள். வாளை கண்டு அஞ்சியது தூண்டில் கழியை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். பிரம்பு யாருக்கும் தீங்கு செய்யாத செடி. மீன் கற்ற பாடம் உண்மையானது. ஆனால் அது தேவைக்கு மேல் பரந்துவிட்டது. இனி நீளமாக, மெலிதாக, நடுங்குவதாக நீரில் விழும் எதுவும் அதற்குத் தூண்டில்தான். அறிவும் பயமும் ஒரே சமயத்தில் பிறந்து, பிரிக்க முடியாமல் ஆகிவிட்ட நிலை இது.

என் நண்பர் ஒருவர் கவிஞர். அவருடைய முதல் தொகுப்புக்கு நான் மதிப்புரை எழுதினேன். படிமங்கள் அனுபவத்தைத் தாங்காமல், அனுபவத்துக்குப் பதிலாக வந்து நிற்கின்றன என்று எழுதி, ஐந்து இடங்களைச் சுட்டிக் காட்டியிருந்தேன். அந்த மதிப்புரையில் ஒரு வாக்கியத்தைக்கூட இன்று நான் மாற்ற மாட்டேன். அவரும் சண்டைக்கு வரவில்லை. தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, நீ சொன்னது சரி என்றார். இரண்டாவது தொகுப்பு வந்தது. சுத்தமான தொகுப்பு. நான் சுட்டிய தவறுகளில் ஒன்றும் இல்லை. அந்தத் தவறுகளுக்கு அண்டை வீட்டில் இருந்தவையும் இல்லை. முதல் தொகுப்பில் அவருடைய அம்மா அடிக்கடி வருவாள், மழை வரும், ஒரு நொண்டி ஆடு வரும். அவற்றைப் பற்றி நான் ஒன்றும் சொன்னதில்லை; ஆடு வரும் கவிதை எனக்குப் பிடித்தமானது. இரண்டாவது தொகுப்பில் அம்மாவும் இல்லை, மழையும் இல்லை, ஆடும் இல்லை. ஒவ்வொரு வரியும் கரையை ஒரு தரம் பார்த்துவிட்டு நகர்கிறது.

விமர்சனத்தின் வெற்றி என்று சிலர் இதைச் சொல்லக்கூடும். நம் வட்டத்தில் சொன்னார்கள். ஒரு விமர்சகனுடைய பார்வை எவ்வளவு தெளிவாக இருக்கிறதோ, அவ்வளவு தெளிவாக அவனுடைய நிழலும் நீரில் விழுகிறது. நாம் எல்லோரும் கிழக்குக் கரையில் உட்கார்ந்திருப்பவர்கள். தக்கை நமக்கு நன்றாகத் தெரிகிறது. அதற்காக விமர்சனத்தை நிறுத்திவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை; தூண்டில் போடுகிறவன் நீரைவிட்டு எழுந்து போவது மீனுக்குச் செய்யும் உபகாரம் அல்ல. அதைவிட மோசமானவை ஏரியில் இருக்கின்றன.

குத்தகைக்காரரின் வலையைச் சொல்கிறேன். கோடையில் நீர் சுருங்கியதும் ஒரு நாள் வண்டியில் வலை வரும். கட்லா, ரோகு, ஜிலேபி, விரால் எல்லாம் கரைக்கு வரும். முள் குத்தி ஆறிய தழும்பு உதட்டில் உள்ள விராலை அந்தக் குவியலில் பார்த்திருக்கிறேன். எத்தனை கழிகளின் நிழலை அது அறிந்திருந்ததோ. வலைக்குப் படித்த மீனும் படிக்காத மீனும் ஒன்றுதான். வலைக்குப் பிறகு மனைகள். ஒவ்வொரு மழைக்கும் ஏரி தன் பழைய எல்லையைத் தேடிக்கொண்டு வீடுகளுக்குள் வருகிறது. பம்ப் வைத்து இறைத்து அதைத் திருப்பி அனுப்புகிறார்கள். தூண்டில் ஒன்றுக்குத்தான் இந்த மீன் வேறு, அந்த மீன் வேறு என்ற பேதம் இருக்கிறது. பேதம் பார்ப்பதுதான் நம் தொழில் என்றால், அந்த ஒரு நியாயம் நமக்கு உண்டு.

நிழலை என்ன செய்வது? பெரியவரிடம் ஒரு வழி இருக்கிறது. ஒரு இடத்தில் மீன் அரண்டுவிட்டது என்று தெரிந்தால் அங்கே நாலைந்து நாள் கழியே கொண்டுபோக மாட்டார். தவிட்டையும் கடலைப் புண்ணாக்கையும் பிசைந்து உருண்டை பிடித்துக்கொண்டு போய், அதே நேரத்தில், அதே கல்லில் உட்கார்ந்து, நீரில் விட்டுவிட்டு வருவார். "நெழலு வுழட்டும். ஆனா ஒண்ணும் நடக்கக் கூடாது. அப்பத்தான் அது மறக்கும்" என்றார். மறந்த பிறகு அவர் கழியைக் கொண்டுபோவார் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அவர் மகான் அல்ல, அவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு.

நண்பரின் மூன்றாவது தொகுப்பு கையெழுத்துப் பிரதியாக என்னிடம் வந்து ஒரு மாதமாகிறது. வழக்கமாக முதல் வாசிப்பிலேயே பென்சில் என் கையில் இருக்கும். இந்த முறை பென்சிலை எடுக்கவில்லை. மாலை ரயிலில் தினம் இரண்டு கவிதைகள். நேற்று படித்ததில், மூன்றாவது வரியில், ஒரு ஆட்டின் கயிறு மட்டும் வந்தது. ஆடு இன்னும் வரவில்லை. அதைப் பற்றி அவரிடம் நான் எதுவும் சொல்லப் போவதில்லை.